ஏஎன்ஆர் ஹெட்செட்: பெட்டி பிரிச்ச அன்னிக்குக் கதை வேணாம், வருஷக்கணக்கா மாட்டினவங்க சொல்லுங்க

வலதுசீட்டு | ஏ320 எஃப்ஓ

நெட்டுல ஏஎன்ஆர் (எதிர் அலை விட்டுச் சத்தத்தைக் குறைக்கிற) பைலட் ஹெட்செட் ரிவ்யூ தேடினா எல்லாமே பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு எழுதினது. "ஆஹா, என்ன அமைதி"ன்னு ஆரம்பிச்சு அதோட முடிஞ்சிடும். நைட் ஹால்ட், விடிகாலை பிக்கப், ஏசி ஓடாத டர்ன்அரவுண்ட்னு வருஷக்கணக்கா அதே சாமானைத் தலையில மாட்டினா என்ன ஆகுதுன்னு யாரும் எழுதக் காணோம். என் பங்கை முதல்ல வெச்சிடறேன், மிச்சத்தை நீங்க சொல்லுங்க.

சொந்த ஹெட்செட் வாங்கினது ஏடிஆர் 72ங்கற ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டும்போது. இப்ப ஏ320 ஜெட்டுக்கு எஃப்ஓவா (துணை விமானி) வந்தாச்சு, ஹெட்செட் அதேதான்.

ஏடிஆர்ல அதோட அருமை முதல் செக்டர்லயே (ஒரு தடவை ஏறி இறங்கறது) தெரிஞ்சிடும். ப்ரொப்பெல்லர் முழு வேகத்துல நிமிஷத்துக்கு 1200 சுத்து. க்ரூஸ்ல (மேல ஏறி நேராப் பறக்கறப்ப) 82 சதவீதம், அதாவது 984. ஆறு பிளேடு. பெருக்கி 60ஆல வகுத்தா 98 ஹெர்ட்ஸ். ப்ரொப்பெல்லர் நமக்குப் பின்னாடி, முன்வரிசைப் பயணிகளுக்குப் பக்கத்துலதான் சுத்துது. அப்படியும் சென்னை–தூத்துக்குடி முழுக்க அந்த "ம்ம்ம்ம்" தாடை எலும்பு வரைக்கும் இறங்கும். ஏஎன்ஆர் சாப்பிடறதே அந்த மாதிரி தாழ்ந்த அதிர்வெண் அடிச்சத்தத்தைத்தான். கப்புக்குள்ள ஒரு குட்டி மைக் சத்தத்தை எடுக்கும், அதுக்குத் தலைகீழான அலையை ஸ்பீக்கர் விடும், ரெண்டும் கழிஞ்சிடும். அலை குட்டையாக ஆக சர்க்யூட்டால கூடவே ஓட முடியாது. 1000 ஹெர்ட்ஸ் தாண்டிட்டா காதைக் காப்பாத்தறது பெரும்பாலும் மெத்தையும் கப்பும்தான்.

அதனால ஏ320க்கு வந்தப்ப கொஞ்சம் சப்புன்னு போச்சு. இங்க சத்தம்னா கண்ணாடி மேல உரசற காத்து, ஏசி, கூலிங் ஃபேன். பாதிக்கு மேல "ஸ்ஸ்ஸ்" வகை. சுவிட்சைப் போட்டா மட்டம் இறங்கும், மேஜிக் எல்லாம் இல்லை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். விஎச்எஃப் ரேடியோவோட வால்யூம் குமிழைக் கடிகாரமா நினைச்சுக்கோங்க. காக்பிட்ல தொங்கற பொது ஹெட்செட்டை மாட்டினா அது மூணு மணியில நிக்கும். என்னோடதுல பன்னிரண்டைத் தாண்டறதே இல்லை. நாலு செக்டர் முடிச்சு வீட்டுக்குப் போனா டிவி சத்தத்தையும் முன்ன மாதிரி ஏத்தறதில்லை.

தேய்மானம்: முதல்ல போறது காது மெத்தை. மேல்தோல் உரிஞ்சு வெள்ளைச் சட்டை காலர்ல கறுப்புத் துகளா உதிரும். அடுத்தது தலைப்பட்டை நுரை, தட்டையாயிடும். பேட்டரி ரெண்டு டபுள் ஏ, அது ஒரு தொல்லையே இல்லை.

அடுத்ததா முழுக் காதை மூடற கனமானதா, இல்ல இப்ப வர்ற லேசான வகையான்னு குழப்பம். கண்ணாடி வேற போட ஆரம்பிச்சிருக்கேன். சொல்லுங்க.

---

பழைய_மீனம்பாக்கம் | 737, இடது சீட்டு

தம்பி, நாங்க பறக்க ஆரம்பிச்சப்ப பச்சைக் கலர் டேவிட் கிளார்க் ஹெட்செட் இருந்தா பெரிய மனுஷன். பேட்டரியும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. அந்த வகை இன்னும் விக்குது, இன்னும் உடையாம இருக்கு.

சத்தம்னா என்னன்னு 737ல வந்து உட்காந்து பார்க்கணும். அந்த மூக்கு 707 காலத்து வடிவம். 300 நாட்ஸுக்கு மேல இறங்கும்போது பக்கத்துல இருக்கிறவன் சொல்றது உதட்டைப் பார்த்தாதான் புரியும். அப்படிப்பட்ட விமானத்துலதான் நான் சொல்றேன்: ஒரு காதை மூடு, ஒரு காதைத் திறந்து வை. பக்கத்துல இருக்கிறவன் பேசறது நேரா விழணும். விமானம் பேசறதும் விழணும். நல்ல சமையல்காரன் தாளிப்புச் சத்தத்தை வெச்சே எண்ணெய் காஞ்ச பதம் சொல்வான் இல்லையா, ஏசி பேக் மாறறது, ட்ரிம் வீல் (மூக்கைச் சமன்படுத்தற சக்கரம்) ஓடறது, ஒரு இன்ஜின் மட்டும் லேசா விலகி முனகறது, இதெல்லாம் எனக்கு அப்படித்தான். ஏஎன்ஆர் மாட்டின பசங்க இதைக் கேக்கறதில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறாங்க.

என் பை எப்பவும் லேசு. அதுவும் ஒரு சௌகரியம்.

---

செவிச்சுவர் | காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

கேப்டன் சார் மன்னிக்கணும். அந்த "ஒரு காது திறந்து" பழக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. திறந்த காதில் காக்பிட் இரைச்சல் முழுசாக விழுகிறது. அந்த இரைச்சலைத் தாண்டி ரேடியோ கேட்க வேண்டுமென்பதால் மூடிய காதுக்கு வால்யூமைக் கூட்டுகிறீர்கள். ஆக இரண்டு காதுக்கும் நஷ்டம், வழிதான் வேறு.

விமானிகளிடம் பேசும்போது ஒரு தவறான கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: "காக்பிட் 85 டெசிபல் கூட வராதே டாக்டர், அப்புறம் என்ன?" 85 டெசிபல் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியாஷ் (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு) நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. அதன் கணக்குப்படி 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. காக்பிட் இரைச்சல் மட்டும் என்றால் நவீன ஜெட்டுகளில் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். ஆனால் உங்கள் செவிப்பறைக்குப் போவது காக்பிட் இரைச்சல் மட்டுமல்ல. அதற்கு மேலே ஏறி நிற்கும் ரேடியோ, இண்டர்காம், உங்கள் சொந்தக் குரலின் சைடுடோன் (பேசும்போது அது உங்கள் ஹெட்செட்டிலேயே திரும்பிக் கேட்பது), எல்லாம் சேர்த்துத்தான். ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்தான் பல நேரம் பெரிய குற்றவாளி. வலதுசீட்டு எழுதியிருக்கும் மூணு மணி, பன்னிரண்டு மணி விஷயம்தான் இந்த இழையிலேயே முக்கியமான வரி. ஏஎன்ஆரின் லாபம் அமைதி அல்ல, குமிழ் இறங்குவது. சுவிட்சையும் போட்டுவிட்டு வால்யூமையும் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் காசு தண்டம்.

இன்னொன்று. ஐகாவோ (ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி விமானிகளின் முதல் வகுப்பு மெடிக்கலில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, 3000ல் 50ஐத் தாண்டக்கூடாது. இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சத்தத்தால் வரும் செவி இழப்போ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாகத்தான் முதலில் தெரியும். அதாவது மெடிக்கல் வரம்பு பார்க்காத இடத்தில். "ஃபிட்" என்று சீல் வாங்கி வந்தவரின் ஆடியோகிராமை (செவித்திறன் சோதனைத் தாள்) வாங்கிப் பார்த்தால் 4000ல் குழி தோண்டியிருக்கும். 40 வயது வரை அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் என்பது ஐகாவோ சொல்லும் குறைந்தபட்சம். முடிந்தால் வருஷா வருஷம் எடுங்கள். தாளை வீட்டில் வையுங்கள், பழையதோடு ஒப்பிடுங்கள். ஒற்றைத் தாளால் பெரிய பிரயோஜனம் இல்லை.

---

பழைய_மீனம்பாக்கம் | 737, இடது சீட்டு

டாக்டர், என் மெடிக்கல் கிளியர். 4000 பத்திக் கேக்காதீங்க.

---

செவிச்சுவர் | காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

அதைத்தான் கேட்கிறேன் சார் 🙂

---

பாலைவன_லேஓவர் | 777, வளைகுடா

நான் யாழ்ப்பாணம், இப்ப வளைகுடாவில நீண்ட தூரம் ஓடுறன். இஞ்ச கதை வேற. பதினாலு மணித்தியாலம் தலையில ஒண்டு கிடக்கேக்கை டெசிபல் பிறகு, கிராம்தான் முதல். போஸ் ஏ20 ஏறக்குறைய 340 கிராம். ஏ30 400 ஐத் தாண்டும், ஆனால் அமுக்கம் 20 வீதம் குறைவு எண்டு சொல்லுறாங்கள். அதே கம்பனியின்ர ப்ரோஃப்ளைட் சீரிஸ் 2 எண்டது 128 கிராம்தான். அது காதுக்குள்ள சின்ன முனை வைக்கிற வகை. டேவிட் கிளார்க் ப்ரோ-எக்ஸ் நடுவில, 200க்குக் கொஞ்சம் மேல, காதுக்கு மேல குந்துற வகை.

உச்சந்தலையில ஒரு புள்ளியில எரியும் பாருங்கோ, மொட்டைத் தலைக்காரருக்கு இன்னும் மோசம். அது வந்த பிறகு எந்த அமைதியும் அமைதியாத் தெரியாது. நான் லேசானதுக்கு மாறினது அதுக்காகத்தான்.

ஆனா ஒளிக்காமல் சொல்லவேணும், காதுக்குள்ள வைக்கிற வகைக்கும் தன்ர தொல்லை இருக்கு. முனையின்ர அளவு சரியா இல்லையெண்டால் ஒண்டும் கேளாது. ஒரு காதுக்கு நடு அளவு, மற்றதுக்கு சின்ன அளவு எண்டு எனக்கு. தடிமன் (சளி) பிடிச்ச நேரத்தில வைக்கவே மனம் வராது. காதுக் குறும்பி சேருது, கழுவவேணும்.

பிறகு, நாங்கள் க்ரூஸில பாதி நேரம் ஹெட்செட்டே போடுறதில்லை. ஸ்பீக்கரை வைச்சிட்டு கதைக்கிறம். ட்ரான்சிஷனுக்குக் (உயரமானி செட்டிங்கை மாத்திற உயரம்) கீழ பூம் மைக் (வாய்க்கு முன்னால நீட்டி நிக்கிறது) கட்டாயம் எண்டுறது ஐகாவோ விதி அனெக்ஸ் 6 இலேயே இருக்கு. மேல போனபிறகு என்ன செய்யலாம் எண்டுறது அந்தந்த நாட்டையும் கம்பனியையும் பொறுத்தது. அதால நீண்ட தூரக்காரர் ஆருக்கும் "வருசக்கணக்காப் பாவிச்சன்" எண்டு சொன்னால் தலையில கிடந்த நேரத்தையும் கேளுங்கோ. நாளுக்கு நாலு செக்டர் அடிக்கிற வலதுசீட்டுத் தம்பி என்னைவிடக் கூட நேரம் மாட்டியிருப்பார்.

---

செஸ்னா_கனவு | ஸ்டூடண்ட் பைலட்

அண்ணன்களுக்கு வணக்கம். நான் செஸ்னா 172ல டிரெயினிங். ஏஎன்ஆர் விலையைப் பார்த்தா அப்பா முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. பாட்டு கேக்கற போஸ் க்யூசி ஹெட்ஃபோன் வீட்டுல இருக்கு. அதுல ஒட்டற மாதிரி பூம் மைக் தனியா விக்கறாங்களே, அதை மாட்டிப் பறக்கலாமா?

---

ஹாங்கர்_ரெண்டு | ஏஎம்இ

தம்பி, விமானம் பழுது பாக்கற இன்ஜினியரா சொல்றேன், வேலை செய்யும். ஆனா மூணு விஷயம் கேட்டுக்க.

க்யூசி15 மாதிரி பழைய மாடல்ல பேட்டரி தீர்ந்தா சத்தமே வராது. சுத்தமா செவிடு. க்யூசி25 பேட்டரி இல்லாமலும் பாடும். விமானத்துக்குன்னு செஞ்ச ஏஎன்ஆர்ல பேட்டரி செத்தாலும் ரேடியோ கேக்கும், சாதா ஹெட்செட்டா மாறிடும். சோலோ போறப்ப இந்த வித்தியாசம் தெரியும்.

ரெண்டாவது, டிஎஸ்ஓ சி139ன்னு ஒரு தர அங்கீகாரம் இருக்கு. ஏர்லைன் மேனுவல்ல பெரும்பாலும் அங்கீகாரம் உள்ளதைத்தான் ஒத்துக்குவாங்க. ஒட்டு மைக் வெச்ச பாட்டு ஹெட்ஃபோனுக்கு அது கிடையாது. கிளப்ல யாரும் கேக்க மாட்டாங்க, கம்பெனியில கேப்பாங்க.

மூணாவது, அது துணிப்பையில படுத்துக் கிடக்கறதுக்குச் செஞ்சது. கம்பார்ட்மெண்ட்ல சார்ட்டுக்கும் டார்ச்சுக்கும் நடுவுல திணிச்சா கீல் முறியும்.

172க்கு செகண்ட் ஹேண்ட் டேவிட் கிளார்க் எச்10-13.4 கிடைச்சா எடு. 23 டெசிபல் குறைக்கும்னு போட்டிருக்கும், மெத்தை புதுசா மாத்திக்க. ஏஎன்ஆர் அப்புறம் பாத்துக்கலாம்.

---

வலதுசீட்டு | ஏ320 எஃப்ஓ

ஹாங்கர் அண்ணா வந்துட்டீங்களா, உங்ககிட்டத்தான் கேக்கணும். என்னோடதுல சில சமயம் தலையைத் திருப்பினா "ஊஊ"ன்னு ஒரு ஊளை. கண்ணாடி மாட்டின நாள்ல மட்டும். ரேடியோவா, ஹெட்செட்டா?

---

ஹாங்கர்_ரெண்டு | ஏஎம்இ

ஹெட்செட்தான். கண்ணாடிக் கம்பி மெத்தைக்கு அடியில சந்து விடுது. கப்புக்குள்ள இருக்கிற மைக்குக்கு அந்தச் சந்து வழியா வெளிக்காத்தும் வருது, தன் ஸ்பீக்கர் சத்தமும் வேற மாதிரி வருது. சர்க்யூட் குழம்பித் தன்னைத் தானே துரத்த ஆரம்பிக்கும். மெத்தை தட்டையாயிருந்தா சீக்கிரம் வரும். கம்பி மெல்லிசா, தட்டையா இருக்கிற ஃப்ரேம் வாங்குங்க. தடிச்ச ப்ளாஸ்டிக் ஃப்ரேம் போட்டா எந்த ஏஎன்ஆரும் பாதிதான்.

"விஎச்எஃப் 1 கரகரப்பு"ன்னு டெக் லாக்ல (விமானத்தோட கோளாறுப் பதிவேடு) எழுதிட்டுப் போவாங்க. நாங்க ராத்திரி ரேடியோவை மாத்துவோம், ஏசிபியைப் (ரேடியோ, வால்யூம் குமிழ் இருக்கிற பலகை) பாப்போம், ஒண்ணும் இருக்காது. மறுநாள் அதே எஃப்ஓ வேற விமானத்துலயும் அதே ஸ்நாக் எழுதியிருப்பார். ஹெட்செட் வயர் சீட் நகர்ற வழியில நசுங்கி உள்ள ஒரு இழை அறுந்திருக்கும். சீட்டைப் பின்னால தள்றதுக்கு முன்னாடி வயர் எங்க கிடக்குன்னு பாருங்க சாமி, எங்க பொழப்பு மிச்சமாகும்.

ப்ளக் பத்தியும் சொல்லிடறேன். ஏர்பஸ்ல பெரும்பாலும் அஞ்சு முள்ளு எக்ஸ்எல்ஆர். போயிங், செஸ்னா, இன்னும் பலதுல ரெட்டைக் குச்சி, ஒண்ணு தடிமன் ஒண்ணு மெல்லிசு. ஹெலிகாப்டருக்கு ஒத்தைக் குச்சி. அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனா அந்த அடாப்டர் கனத்துல தொங்கிச் சாக்கெட் தளர்ந்துடும். டைப் மாறறப்ப வயரையே மாத்திக்கற மாடல் இருந்தா அது தேவலை.

---

பழைய_மீனம்பாக்கம் | 737, இடது சீட்டு

எல்லாரும் மெத்தை, வயர்னு பேசறீங்க. விமானம் பேசறது காதுல விழணும்னு சொன்னேனே, அதுக்குப் பதில் இல்லை. வார்னிங் கேக்காம போனா?

சும்மா சொல்லலை. 2007ல அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏவே ஒரு தகவல் குறிப்பு விட்டது, ஏஎன்ஆர் மாட்டினா காக்பிட் எச்சரிக்கை ஒலிகளும் இயந்திர ஒலிகளும் காதுக்கு வராமப் போகலாம், மாட்டிப் பார்த்துச் சோதிச்சுக்கோங்கன்னு. ஏர்லைன்காரனுக்கு மட்டும் விதிவிலக்கா?

---

வலதுசீட்டு | ஏ320 எஃப்ஓ

கேப்டன் சார், குறிப்பு உண்மைதான். அது எச்சரிக்கை, தடை இல்லை. சின்ன விமானங்கள்ல இது நிஜமான கவலை. ஸ்டால் ஹார்ன் (இறக்கை தூக்கற சக்தி போகப் போகுதுன்னு சொல்றது) எங்கயோ இறக்கையில மெல்லிசா ஊதும், சக்கரம் இறங்கலைன்னு சொல்ற கியர் வார்னிங் ஒரு சின்ன பஸ்ஸர். அதெல்லாம் இண்டர்காம்ல வராதுன்னா காதை மூடறவன் யோசிக்கணும்.

ஏ320ல சிங்கிள் சைமும் மாஸ்டர் வார்னிங் மணியும் லவுட்ஸ்பீக்கர்ல வரும். ஸ்பீக்கர் குமிழை முழுசா இறக்கினாலும் ரேடியோதான் இறங்கும், எச்சரிக்கை ஒலி இறங்காது. அந்த ஒலிகள் நடு, உயர் அதிர்வெண். ஏஎன்ஆர் அதைத் தொடறதே இல்லை, கப் மட்டும்தான் கொஞ்சம் தடுக்கும். உங்க பச்சை டேவிட் கிளார்க் கப்பு என்னோடதைவிட அதிகமாவே தடுக்கும் சார்! சிமுலேட்டர்ல நான் கேக்காம விட்ட எச்சரிக்கை எதுவும் ஹெட்செட்டால இல்லை.

இன்ஜின் முனகல் விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். ஏடிஆர்ல ரெண்டு ப்ரொப்பெல்லரும் ஒத்துப் போகலைன்னா "வவ் வவ்"னு ஒரு துடிப்பு வரும். ஏஎன்ஆர் மாட்டினா அது காதுக்கு வராது. சீட்டு வழியா முதுகுக்குத்தான் வரும். அது தெரிய எனக்கு நாளாச்சு.

---

பழைய_மீனம்பாக்கம் | 737, இடது சீட்டு

முதுகுன்னு சொன்னியே, அது சரி. அதை ஒத்துக்கறேன். காது விஷயத்துல இல்லை.

---

டவர்_அக்கா | ஏடிசி

கன்ட்ரோல் டவர் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. நீங்க எல்லாரும் காதுல என்ன விழுதுன்னு பேசறீங்க. வாய்ல இருந்து எங்களுக்கு என்ன வருதுன்னு யாரும் பேசலை.

சத்தத்துல இருக்கிற மனுஷன் தன்னையறியாமக் கத்துவான். சத்தம் குறைஞ்சா குரலும் இறங்கும். அமைதியான ஹெட்செட் மாட்டினவங்க ராத்திரி ஷிஃப்ட்ல தாலாட்டுப் பாடற மாதிரி ரீட்பேக் பண்றாங்க (நாங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றது). சைடுடோன் நல்லாக் கேக்குது, அதனால போதும்னு நினைச்சுக்கறாங்க. அதோட மைக்கைத் தாடைக்குக் கீழ தள்ளி வெச்சுடுவாங்க, டீ குடிச்சுட்டு மறுபடி ஏத்தறதில்லை. பூம் மைக்கும் சத்தம் அழிக்கிற வகைதான், தூரத்துல இருந்து வர்றதையெல்லாம் இரைச்சல்னு தள்ளிடும். உதட்டோரம், கிட்டத்தட்டத் தொடற தூரத்துல இருந்தாத்தான் உங்க குரலைக் குரலா எடுக்கும். தள்ளி வெச்சா உங்களையும் சேர்த்து அழிச்சுடும். "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்க)னு நான் கேக்கறதுல பாதி இதுக்குத்தான்.

அப்புறம் அந்த மைக் நுரையைக் கொஞ்சம் மாத்துங்கப்பா. எங்க ஹெட்செட்லயும் அதே கதைதான், ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் யார் யார் எச்சிலோ. நான் என் நுரையை டப்பாவுல வெச்சுக் கொண்டு போறேன்.

---

பாலைவன_லேஓவர் | 777, வளைகுடா

அக்கா சொல்லுறது சரி. எங்கட கம்பனி ஹெட்செட் தரும், ஆனா காது உறையை நாங்களே கொண்டுபோறம்.

இன்னொண்டு, சுவிட்ச் போட்ட உடனே காது அடைக்கிற மாதிரி ஒரு உணர்வு சிலருக்கு வரும். இறங்கேக்கை வாற அமுக்கம் மாதிரியே இருக்கும், ஆனா அமுக்கம் ஒண்டும் இல்லை. அடிச்சத்தம் திடீரெண்டு இல்லாமப் போறது மூளைக்கு அப்பிடித் தோணுது எண்டுதான் விளக்கம் சொல்லுறவை. எனக்குக் கொஞ்ச நாளில பழகிட்டுது. மனிசிக்குப் பழகவே இல்லை, அவ பிளேனில பாட்டுக் கேக்கிற ஹெட்ஃபோனில கூட அதை நிப்பாட்டிப்போட்டுத்தான் கேக்கிறவ. வாங்க முதல் ஆரிட்டயாவது கடன் வாங்கி ஒரு முழு நாள் போட்டுப் பாருங்கோ, கடையில அஞ்சு நிமிசம் போட்டால் இது தெரியாது.

சும்மா ஒரு சங்கதி: இந்தச் சத்தம் அழிக்கிற ஹெட்செட் யோசனை போஸ் கம்பனியைத் தொடங்கின அமர் போஸுக்கு வந்ததே 1978ல, சூரிச்சில இருந்து பொஸ்டனுக்குப் போற பயணிகள் விமானத்திலதானாம். விமானத்தில குடுத்த ஹெட்ஃபோனில பாட்டுக் கேக்க ஏலாமல் அங்கேயே கணக்குப் போட்டாராம். 1986ல நிக்காமல், எண்ணெய் நிரப்பாமல் உலகத்தைச் சுத்தின வோயேஜர் விமானத்தில பரிசோதனை ஹெட்செட் போனது. கடைக்கு வந்தது 1989. தகப்பன் வங்காளி.

---

வலதுசீட்டு | ஏ320 எஃப்ஓ

சரி, முடிவுக்கு வந்துட்டேன். நாளுக்கு நாலு செக்டர் வர்ற நாட்கள்தான் என் ரோஸ்டர்ல இன்னமும் அதிகம், கண்ணாடியும் இருக்கு. காதுக்குள்ள வைக்கிற வகையில கண்ணாடிக் கம்பித் தொல்லையே இல்லைங்கறதால அதை ஒரு நண்பர்கிட்ட வாங்கி ஒரு நாள் முழுக்க மாட்டிப் பாக்கப் போறேன். அதுவரைக்கும் பழசுக்கு மெத்தை மாத்திடறேன்.

ஹாங்கர் அண்ணா, ஆன்லைன்ல பாதி விலைக்கு மெத்தை கிடைக்குது. போடலாமா?

---

ஹாங்கர்_ரெண்டு | ஏஎம்இ

ஏஎன்ஆருக்குப் போடாதீங்க. மெத்தையோட தடிமனையும் மென்மையையும் கணக்குல வெச்சுத்தான் அந்தச் சர்க்யூட்டை ட்யூன் பண்ணியிருப்பாங்க. வேற நுரை போட்டா ஊளை கூடும், இல்லைன்னா அடிச்சத்தம் அடங்காது. பச்சை டேவிட் கிளார்க்குக்கு எதைப் போட்டாலும் ஓடும், அதுல சர்க்யூட் இல்லை.

மாத்தறப்ப உள்ள ஸ்பீக்கர் மேல ஒரு மெல்லிசு நுரைத் திரை இருக்கும், அதையும் சேர்த்து மாத்துங்க. சில மாடல்ல இடது வலது வேற வேற, பாத்துப் போடுங்க. சானிடைசர் துடைப்பான் மட்டும் வேணாம், ஆல்கஹால் பட்டுப் பட்டுத்தான் அந்தத் தோல் வெடிக்குது. ஈரத்துணியில துடைச்சுக் காய வெச்சாப் போதும்.

---

செஸ்னா_கனவு | ஸ்டூடண்ட் பைலட்

அண்ணா, எச்10-13.4 ஒண்ணு கிளப்ல ஒரு சீனியர்கிட்ட இருக்கு. மெத்தை கல்லு மாதிரி இருக்கு. மாத்தினா சரியாயிடுமா, இல்ல விட்டுடவா?

---

ஹாங்கர்_ரெண்டு | ஏஎம்இ

பழசுல ஜெல் மெத்தை இறுகியிருக்கும், புதுசு போட்டாச் சரியாயிடும். வயரை ப்ளக் கிட்ட வளைச்சுப் பாரு, கரகரன்னு வந்தா விலையைக் குறைச்சுக் கேளு. மைக் நுரையைப் பத்தி அக்கா சொன்னது ஞாபகம் இருக்கட்டும், சீனியர் நுரையோட வாங்காத.